புதுச் சைலன்சர் மாட்டியும் கசிகிறதா? சத்தத்தைக் கேட்டுக் கசியும் மூட்டைக் கண்டுபிடியுங்கள்

போன மாரிக்கு முன்னர் என் பைக்கின் சைலன்சர் அடிப்பக்கம் உக்கிப்போய்விட்டது. விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போனது. திருகோணமலை உவர்மலையில் வீடு, கடற்காற்றுக்கு இரவு பகல் கிடையாது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு 2025 வரைக்கும் இருக்கிற பைக்கைத்தான் ஒட்டி ஒட்டி ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே புதுச் சைலன்சர் ஒன்றை வாங்கி முற்றத்தில் வைத்து நானே மாட்டினேன்.

அன்று பின்னேரமே முன்பக்கம் ‘டிக் டிக் டிக்’ என்று சத்தம். பக்கத்து வீட்டுத் தம்பி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “அண்ணா, பேஸ்ட் கொஞ்சம் பூசுங்கோ, எல்லாம் அடைஞ்சிடும்” என்றான். பூசினேன். ஒரு கிழமையில் உதிர்ந்தது. திரும்பவும் பூசினேன், திரும்பவும் உதிர்ந்தது. மூன்றாம் முறை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தபோதுதான் நான் செய்த இரண்டு பிழைகள் தெரிந்தன. பழைய காஸ்கட்டை (மூட்டுக்கு நடுவில் நசுங்கி நின்று புகையை அடைக்கும் வளையத்தை) எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்திருந்தேன். அதோடு சைலன்சரைச் சேசியோடு பிடிக்கும் பின்பக்கப் போல்ட்டை முதலில் இறுக்கியிருந்தேன். பேஸ்ட்டுக்கும் இந்த இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டு, அதாவது குழாய் வந்து பொருந்தும் இடம், கசிவது பெரும்பாலும் பூச்சு போதாமல் அல்ல. குழாய் முறுகி நிற்பதால், அல்லது நடுவில் இருக்க வேண்டியது சரியாக இல்லாததால். பேஸ்ட் டியூப்பைக் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும்.

எந்த மூட்டு?

பெரும்பாலான சின்ன பைக்குகளில் இரண்டு மூட்டுகள் உண்டு. ஒன்று, எஞ்சின் ஹெட்டில் பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுவரும் வளைந்த குழாய்) வந்து பொருந்தும் இடம். அங்கே ஒரு வளையக் காஸ்கட், இரண்டு ஸ்டட் (ஹெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையுள்ள கம்பி), இரண்டு நட். மற்றது, பெண்ட் பைப் சைலன்சருக்குள் நுழையும் இடம். அங்கே ஒரு கிளாம்ப், சில பைக்குகளில் உள்ளே கிரஃபைட் சுற்று ஒன்று. பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டாக வரும் பைக் என்றால் இரண்டாவது மூட்டு இல்லை, கவலை பாதி குறைவு.

காதை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது வெளியில், காற்றோட்டமான இடத்தில் ஸ்டார்ட் செய்யுங்கள். (பூட்டிய ஷெட்டுக்குள் வேண்டாம். புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை.) ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். கசியும் இடத்தில் ஊதுவத்திப் புகை துடித்துத் துடித்துத் தள்ளப்படும். காபரேட்டர் பக்கமோ பெற்றோல் டியூப் பக்கமோ அதைக் கொண்டுபோகக் கூடாது; பெற்றோல் ஒரு சொட்டு ஒழுகினாலும் இந்த வழியை விட்டுவிட்டுச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி வரும். குழாய் சூடாகிவிட்டால் தண்ணீர் கொதித்துப் போய்விடும், ஆகவே முதல் அரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால், தடித்த கையுறை போட்டு, ஈரத்துணியைச் சைலன்சர் வாயில் இரண்டு மூன்று செக்கன் அழுத்திப் பிடியுங்கள். போக வழியில்லாத புகை ஓட்டை எங்கேயோ அங்கே சீறும்.

தொடங்கும்போது ‘டிக் டிக்’, சூடானதும் நின்றுவிடுகிறது

முன்பக்க மூட்டில் சிறிய கசிவு. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடுவதால் சத்தம் அடங்குகிறது. ‘தானாகவே சரியாகிவிட்டது’ என்று விட்டால் ஒவ்வொரு காலையும் அந்த இடைவெளி வழியே சூடான புகை அரித்து, நாளடைவில் காஸ்கட் ஒரு பக்கம் தின்னப்பட்டுவிடும்.

பலர் இதை டப்பெட் சத்தம் என்று நினைத்து வால்வைத் திருகத் தொடங்குவார்கள். அந்தச் சத்தம் மேலே, ஹெட் மூடிக்குள்ளிருந்து வரும். பழைய பெற்றோல் டியூப் ஒரு முழம் எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை மூட்டருகிலும் பிடியுங்கள். கசிவு என்றால் சத்தத்தோடு ‘ப்ஃப் ப்ஃப்’ என்று காற்றும் காதில் வந்து மோதும்.

சரி, திருத்துவது எப்படி? சூடு ஆறிய பிறகு பின்பக்கப் போல்ட்டையும் கிளாம்பையும் முழுவதும் தளர்த்துங்கள். அப்புறம் முன்பக்க நட் இரண்டையும் தளர்த்தி, குழாயைக் கையால் ஆட்டி, தானாக எங்கே உட்கார விரும்புகிறதோ அங்கே உட்கார விடுங்கள். இப்போது முன்பக்க நட்களை மாறி மாறி, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று வீதம் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் காஸ்கட் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் நசுங்கும். அதன் பிறகு பின் போல்ட். கிளாம்ப் கடைசி. இந்த வரிசை மாறினால் வேறு என்ன செய்தும் பயனில்லை.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு உங்கள் பைக்கின் கையேட்டில் உள்ள அளவுதான் சரி. கையேடு இல்லையென்றால், 6 மில்லி ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றர், 8 மில்லிக்கு 20க்குக் கிட்ட என்று வைத்துக்கொள்ளலாம். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பனர் எல்லோரிடமும் இருக்காது. 10 நியூட்டன் மீற்றர் என்பது சின்ன ஸ்பனரின் நுனியை மணிக்கட்டால் இழுக்கும் பலம். தோள் வேலை செய்தால் அது கூடிவிட்டது.

ஹெட்டைச் சுற்றிக் கரி

மூட்டைச் சுற்றி மை பூசியதுபோல் கறுப்பு. இது பழைய கசிவு, அல்லது நான் செய்த அதே பிழை. அந்தப் பிழையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாது.

பெண்ட் பைப்பைக் கழற்றிவிட்டு ஹெட்டின் துவாரத்துக்குள் பார்த்தால் கருகிய, வழுவழுப்பான ஒரு விளிம்பு தெரியும். ஹெட்டின் உடம்பே அதுதான் என்று சத்தியம் செய்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல வருடம் நசுங்கிய வளையம் ஹெட்டோடு ஒட்டி, கரி படிந்து ஒரே நிறமாகிவிடுகிறது. ரோச் லைட்டை அடித்து, சின்னச் ஸ்க்ரூட்ரைவர் நுனியால் விளிம்பை ஒரு கீறு கீறினேன். கரிக்கு அடியில் புதுச் சதம் மாதிரிச் செம்பு பளிச்சென்று மின்னியது. அலுமினியம் என்றால் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும்.

எடுக்கும்போது ஹெட்டைக் கீறிவிடாதீர்கள். வளையத்தின் உள்விளிம்பில் ஓரிடத்தை நடுப்பக்கமாக மடக்கி, மூக்குக் குறட்டால் பிடித்து உருட்டியெடுக்க வேண்டும். மிகப் பழைய காஸ்கட்டுகளின் உள்ளே அஸ்பெஸ்டோஸ் இருந்திருக்கலாம். உலரச் சுரண்டித் தூசு பறக்கவிடாமல் நனைத்துக்கொண்டு எடுங்கள்; ஊதித் துடைக்க வேண்டாம்.

புதியது வாங்கப் போகும்போது பழையதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முதல்முறை நான் பைக்கின் பெயரை மட்டும் சொன்னேன். கடையில் நின்றவர் “இது எல்லாத்துக்கும் போகும்” என்று ஒன்றைத் தந்தார். போனதுதான், ஆனால் துவாரத்துக்குள் உருண்டு விளையாடியது. வெளிவட்டம், உள்வட்டம், தடிப்பு மூன்றும் ஒத்துவர வேண்டும்.

வளையம் நேராக நிற்காமல் விழுந்துகொண்டிருந்தால் கிரீஸ் கொஞ்சம் தொட்டு ஒட்டவையுங்கள். ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து கொஞ்ச நேரம் புகையும், பயப்பட ஒன்றுமில்லை. பழைய வளையத்தைத் திரும்பப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: செம்புத் தகட்டுக்குள் நார் அடைத்தது என்றால் கூடாது, அது ஒருமுறை நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. முழுச் செம்பாக இருந்தால் மட்டும் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடி இளகிவிடும். ஆனாலும் ஒரு காஸ்கட் விலைக்காக நான் அந்தப் பாடு படமாட்டேன்.

நட் அசையவில்லை, அல்லது ஸ்டட் முறிந்துவிட்டது

திருமலையில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நிலாவெளி, சல்லி, குச்சவெளிப் பக்கம் மீன் பெட்டி கட்டி ஓடும் பைக்குகள் என்றால் கேட்கவே வேண்டாம். கிண்ணியாப் பாலத்தால் தினமும் போய்வரும் பைக்கிலும் அந்த நட்கள் துருப்பிடித்து ஆறுமூலையும் தேய்ந்து உருண்டைகளாகத்தான் இருக்கும்.

அவசரப்பட வேண்டாம். முதல் நாள் இரவே கம்பித் தூரிகையால் துருவைத் தட்டிவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சூட்டில் அடித்தால் தீப்பிடிக்கலாம். காலையில் இன்னொரு தரம். அப்புறம் வெளியே வழிந்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முயலுங்கள். திறக்கும் பக்கம் மட்டும் இழுக்காமல், துளி இறுக்கி, துளி தளர்த்தி, திரும்ப இறுக்கி என்று முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பனரை விட ஆறு முனை சொக்கெட் நல்லது, தேய்ந்த நட்டையும் பிடிக்கும்.

முறியப் போகும் ஸ்டட் முன்கூட்டியே சொல்லும். நட் இளகினால் ‘கிரீச்’ என்று ஒரு கீச்சொலி வரும், அது நல்ல சத்தம். சத்தமே இல்லாமல் ஸ்பனர் ரப்பரை முறுக்குவதுபோல் மெத்தென்று திரும்பினால், நட் இளகவில்லை, ஸ்டட்டே முறுகுகிறது. அந்த இடத்திலேயே கையை எடுங்கள். திரும்ப எண்ணெய், திரும்பச் சூடு, திரும்ப இரவு. எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் பாஸ், நட்டின் பக்கவாட்டை அரத்தால் கீறி உளியால் பிளந்துவிடுவார். நட் போனால் போகட்டும், ஸ்டட் மிஞ்சும் என்பது அவர் கணக்கு.

முறிந்தே விட்டதா? ஸ்டட் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டோடு திருகிக் கழற்றலாம். ஹெட்டின் மட்டத்தோடு முறிந்திருந்தால் லேத் கடைக்குக் கொண்டுபோங்கள். வீட்டு ட்ரில்லால் அலுமினியத்தில் கோணலாக ஓட்டை போட்டுவிட்டால் ஹெட்டே போய்விடும். புது ஸ்டட் போடும்போது, மரையில் செம்புப் பேஸ்ட் தடவிப் போடுங்கள். இது அடைக்கும் பேஸ்ட் அல்ல, மரை ஒட்டாமல் இருக்க. அடுத்த தடவை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார், பெரும்பாலும் அது நீங்களேதான்.

இறக்கத்தில் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது

கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் வெடிச்சத்தம். மூட்டு வழியாகப் புகை வெளியே மட்டும் போவதில்லை. குழாய்க்குள் அழுத்தம் ஏறி இறங்கும்போது வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். எரியாமல் வந்த பெற்றோல் ஆவி அந்தக் காற்றைக் கண்டதும் சூடான குழாய்க்குள் பற்றுகிறது.

இதைச் சோதிக்க எனக்கு வசதியான இடம் கோட்டைக்குள் கோணேசர் கோயிலிலிருந்து இறங்கும் வீதி. இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை மூடி, மெதுவாக இறங்கினால் ஒவ்வொரு வெடியும் தெளிவாகக் கேட்கும். மான்கள் வீதியில் படுத்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை என் பைக் போட்ட வெடியில் ஒரு கலைமான் எழுந்து நின்று என்னை முறைத்தது.

எல்லா வெடியும் மூட்டின் குற்றம் அல்ல. பல இந்திய பைக்குகளில் புகையைச் சுத்தமாக்க, ஏர் பில்டர் பக்கமிருந்து ஹெட்டுக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் காற்றைக் கொண்டுபோகும். அதன் வால்வு மூடாமல் நின்றாலும் இதே சத்தம்தான். ஊதுவத்தியில் மூட்டு சுத்தமாக இருந்தால் அங்கே பாருங்கள். சத்தத்துக்கென்றே வாங்கிய திறந்த சைலன்சர் என்றால் கொஞ்சம் வெடிக்கத்தான் செய்யும். அதற்கு நான் மருந்து சொல்ல முடியாது.

எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள பைக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பெண்ட் பைப்பில் ஒக்சிஜன் சென்சர் இருக்கும். அதற்கு முன்னால் மூட்டு கசிந்தால் உள்ளே வரும் வெளிக்காற்றைச் சென்சர் அளந்து, ‘பெற்றோல் போதவில்லை’ என்று கணினிக்குச் சொல்லும். அது பெற்றோலைக் கூட்டும். காரணம் தெரியாமல் பெற்றோல் செலவு ஏறினால் இந்த மூட்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகுமுன்னும் அப்படித்தான், வெளிக்காற்று கலந்த புகையில் அளவுகள் பிசகும்.

கிளாம்ப் பக்கம் கசிகிறது

வேறு நிறுவனச் சைலன்சர் வாங்கினால் வருவது. கழற்றி, பெண்ட் பைப்பின் வெளிவட்டத்தையும் சைலன்சரின் உள்வட்டத்தையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். கையால் திருகி நுழைக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் கிளாம்ப் பார்த்துக்கொள்ளும். லொடலொடவென்று ஆடினால் எந்தப் பேஸ்ட்டும் நிற்காது. கிரஃபைட் சுற்று இருக்க வேண்டிய பைக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சைலன்சரோடு சேர்த்து எறிந்திருப்பீர்கள். இல்லாவிட்டால் மெல்லிய ஸ்டீல் தகட்டில் ஒரு சுற்று வெட்டிப் போடலாம். ரின்மீன் பேணியை வெட்டிச் சுற்றிக்கொண்டு கந்தளாய் வரை போய்வந்தவர்களும் உண்டு. அது வீடு வந்து சேர மட்டும்.

பேஸ்ட் பயன்படும் ஒரே இடம் இதுதான் என்பேன். ஹாட்வெயார் கடையில் கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். சிவப்புச் சிலிக்கன் வழக்கமாக 300 முதல் 350 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். எஞ்சின் வாயில் புகையின் சூடு 600ஐயும் தாண்டும். அதனால் முன்பக்க மூட்டுக்கு அது ஆகாது. சென்சர் உள்ள பைக்கில், சென்சருக்குப் பாதகமில்லை என்று டியூப்பில் எழுதியிருந்தால் மட்டும் சிலிக்கனைத் தொடுங்கள். மற்றது சாம்பல் நிறச் சைலன்சர் பேஸ்ட், சூட்டில் கல்லாக இறுகும். கிளாம்ப் மூட்டுக்கு அதை உள்ளே போகும் குழாயின் வெளிப்பக்கத்தில், நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளி, மெல்லிய வளையமாகப் பூசுங்கள்.

பேஸ்ட் குமிழ்ந்து உதிர்கிறது

துருவின் மேலோ எண்ணெயின் மேலோ பூசியிருக்கிறீர்கள், அல்லது ஈரம் போகுமுன் முறுக்கி ஓட்டியிருக்கிறீர்கள். எமரித் தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, பூசி, டியூப்பில் போட்டிருக்கும் நேரம் விடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் சட்டென்று ஆவியானால்தான் பொங்குகிறது. மாரி மழையில் வெளியில் வைத்து இந்த வேலை வேண்டாம்.

மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கசிகிறது

காஸ்கட் புதியது, நட் சரி, ஆனாலும் வருகிறது என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். சைலன்சரின் தொங்கல் தகட்டு ஓட்டையும் சேசி ஓட்டையும், போல்ட் போடாமலே நேருக்கு நேர் நிற்க வேண்டும். விரல் தடிப்புக்கு விலகி நிற்பதைப் போல்ட்டால் இழுத்து மாட்டியிருந்தால், அந்த இழுவை முழுவதையும் முன்பக்க ஸ்டட் இரண்டும் தாங்குகின்றன. வெளியே விலகியிருந்தால் இடையில் வொஷர் போடுங்கள்; மேலே கீழே என்றால் தகட்டு ஓட்டையை அரத்தால் நீட்டுங்கள். ரப்பர் புஷ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெண்ட் பைப்பின் வளையத்து வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு இருந்தால் காஸ்கட் மாற்றி என்ன பயன், அதை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோங்கள். மாட்டியபின் நூறு கிலோமீற்றர் அளவில் ஓடி, ஆறவிட்டு, முன் நட்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். காஸ்கட் படிந்ததில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அடியில் தண்ணீர் சொட்டுகிறது

இது கசிவு அல்ல. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். ஆவியாகப் போக வேண்டிய அது, குளிர்ந்த சைலன்சரில் நீராகப் படிந்து, அடியில் இருக்கும் பொட்டு ஓட்டையால் வடிகிறது. வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று கிட்டத்துக்கு மட்டும் ஓடும் பைக்கில் இது கூட, ஏனென்றால் உள்ளே காய்வதற்கு நேரம் கிடைப்பதில்லை.

மதிலுக்கு மேலால் ஆலோசனை சொன்ன அதே தம்பி, தன் சைலன்சரில் அந்த ஓட்டையைப் பார்த்து, கசிகிறது என்று பேஸ்ட் வைத்து அடைத்திருந்தான். போன மாதம் சைலன்சருக்குள் ஏதோ குலுங்குகிறது என்று கொண்டுவந்தான். ஆணி ஒன்றை வைத்துத் தட்டித் திறந்தேன். அரைத் தம்ளர் கறுப்புத் தண்ணீர் என் செருப்பில் வந்து ஊற்றியது.